ரோஸ் நிற வீரனாரும் ஏழாவது எபிசோடும்

செவ்வாய்க்கிழமை காலை 7.12க்கு என் மகள் கயல் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, ஓர் எழுத்தும் மாற்றாமல்:

“அம்மா, நம்ம கோயில்ல சாமியைப் பலகைக்கு மாத்தி வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்கல்ல. சிலையைப் புதுப்பிச்சுத் திரும்ப சாமியை ஏத்தும்போது, சிலை பழைய நிறத்துலதான் இருக்கணும்னு விதி ஏதாவது இருக்கா? எழுதி வெச்சது இருந்தா படம் எடுத்து அனுப்புங்க. திங்கட்கிழமை காலைக்குள்ள வேணும்.”

இதைத் திருச்சி விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது படித்தேன். நாங்கள் மலேசியாவில், ஈப்போவில் இருப்பவர்கள். ஆண்டிமடம் பக்கத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். குலதெய்வம் வீரனார் மட்டும் கப்பலேறவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்குக் கும்பாபிஷேகம். அதற்குத்தான் இந்தப் பயணம்.

பலகை விஷயம் தெரியாதவர்களுக்காக: திருப்பணி தொடங்குமுன் சிலையிலிருக்கும் தெய்வத்தை மந்திரம் சொல்லிக் குடத்து நீருக்கு இறக்கி, அங்கிருந்து படம் வரைந்த அத்திப் பலகை ஒன்றுக்கு மாற்றிவிடுவார்கள். பாலாலயம் என்று பெயர். வேலை முடியும்வரை பூசையெல்லாம் பலகைக்கு. சிலை வெறும் உடம்பு. கும்பாபிஷேகத்தன்று திரும்ப ஏற்றுவார்கள்.

கயலுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் அவள் ஜப்பானிய அனிமே தொடர்களுக்கு நிறம் போடுகிறாள். கோட்டுப் படம் அங்கிருந்து வரும். உள்ளே நிறம் நிரப்புவது இங்கே. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிற அட்டை. தோல், தோலின் நிழல், முடி, கண். இதே நான்கும் பகலுக்குத் தனி, மாலைக்குத் தனி, இரவுக்குத் தனி.

இப்போது செய்வது ஓர் அறிவியல் புனைகதைத் தொடர். கடல் ஏறிவிட்ட ஒரு நகரம். அங்கே ஒருவருடைய உயிரை உடம்பிலிருந்து எடுத்து, செய்து வைத்த வேறோர் உடம்பில் வைக்க முடியும். துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒரு பெண்தான் கதாநாயகி, நல்ல கறுப்பு. ஆறு எபிசோடுகள் வரை அவளுக்கு நிறம் கொடுத்தவள் கயல். ஏழாவதில் தீ விபத்து. உயிரைப் புது உடம்புக்கு மாற்றுகிறார்கள். புது உடம்பு வெளுப்பு. கண் விழிக்கிறாள், தாய் அழுதபடி கட்டிக்கொள்கிறாள், நண்பர்கள் சிரிக்கிறார்கள், கதை மேலே போகிறது.

இதைக் கயல் மறுத்தாள். அவளுடைய மேற்பார்வையாளர் பொறுமையானவர். “ஒரு பக்கத்தில் காரணம் எழுதிக் கொடு, ஜப்பானுக்கு அனுப்புகிறேன், திங்கட்கிழமை அட்டை முடிவாகிவிடும்” என்றிருக்கிறார். நிறம் போடுபவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அந்த ஒரு பக்கம் வெறும் கோபமாகப் போனால் அந்தக் கதாநாயகியும் போவாள், இனிமேல் கயலிடம் யாரும் எதையும் கேட்கவும் மாட்டார்கள். ஆகவே ஒரு விதி தேடினாள். எங்கள் பக்கத்தில் உயிரை இடம் மாற்றும் வழக்கம் பழையதாயிற்றே, நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்களே என்று.

சிலைக்கு வர்ணம் அடித்தவரைக் கேட்கலாம் என்று முதலில் பெரம்பலூர் பக்கம் கிளம்பினேன். திருச்சியில் ஏறிய பஸ் ஊருக்குள் போகாது என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

“பைபாஸ்லதாம்மா நிக்கும். போர்டு பாக்கலீங்களா?” என்றார் கண்டக்டர்.

“போர்டில் பெரம்பலூர் என்றுதானே இருந்தது?”

“பைபாஸும் பெரம்பலூர்தாம்மா. வேற மாவட்டமா?”

பஸ்ஸே சிரித்தது. பெட்டியின் ஒரு சக்கரம் இறங்கும்போதே கழன்றுவிட்டது. மீதியிருந்த சக்கரங்களோடு சாலையைக் கடந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு, தங்கியிருந்த லாட்ஜுக்கு எதிரே ஒரு மெஸ். இட்லிக்குச் சின்ன வெங்காயச் சட்னி. அந்த வட்டாரத்து வெங்காயம். ஈப்போவில் பையில் வரும் வெங்காயத்துக்கு இந்தக் காரமும் இனிப்பும் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாளின் மகள், ஒன்பது வயதிருக்கும், கைப்பேசியில் தமிழ் பேசும் ஓர் அனிமே பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திர மனிதர்கள் சண்டை.

“இவங்க எந்த ஊர்க்காரங்க?” என்றேன்.

“ஜப்பான்.”

“பார்த்தா அப்படித் தெரியலையே.”

“தமிழ்லதானே பேசுறாங்க,” என்றாள், நான் கேட்டது பொருந்தாத கேள்வி என்பதுபோல.

“முடி நீலமா இருக்கே?”

“அது அப்பிடித்தான்.”

“கறுப்பா யாராவது இருக்காங்களா?”

யோசித்தாள். “ஒருத்தன் இருந்தான். பெரிய ஒடம்பு. செத்துட்டான்.” சொல்லிவிட்டு மறுபடி திரையில் மூழ்கிவிட்டாள்.

கயலோடு சேர்ந்து இதுபோன்ற தொடர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓர் இயந்திரத்துக்கு உயிர் எப்போது வருகிறது, நினைவை எடுத்து வேறிடத்தில் வைத்தால் அது அதே ஆள்தானா, உடம்பு முழுவதும் மாறினால் மிச்சம் இருப்பது என்ன என்றெல்லாம் இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்கும் வேறு கேளிக்கை எனக்குத் தெரியாது. முடி எந்த நிறத்திலும் இருக்கலாம். கண் ஊதாவாக இருக்கலாம். தோல் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். மாறினால், அந்த ஆள் பாலைவனத்திலிருந்து வந்தவர் அல்லது பாரம் தூக்குபவர்.

அது வெள்ளைக்காரத் தோல் என்று ஒருமுறை நான் சொன்னபோது கயல் திருத்தினாள். அங்குள்ளவர்களுக்கு அது தங்கள் முகம்தானாம். எதையும் சேர்க்காமல் வரைந்த முகம். நியாயமான விளக்கம். என்றாலும் அவளே சிறிது கழித்து, “எதையும் சேர்க்காத முகம்னா அது யாரோடதும்மா?” என்று கேட்டாள்.

புதன்கிழமை பூலாம்பாடிக்குப் போனேன். வீரனாருக்கு வர்ணம் அடித்த முருகேசனின் ஊர் அது. வேலை முடிந்து, கண் மட்டும் பாக்கி வைத்து, இரண்டு நாள் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று என் சித்தப்பா மகன் மாணிக்கம் சொல்லியிருந்தான். மாணிக்கம் ஊரில் கோயில் கமிட்டியில் இருப்பவன்.

டவுன் பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் என் பேச்சைக் கேட்டதுமே, “மலேசியாங்களா? எங்க, ஈப்போவா?” என்றார். பூலாம்பாடியில் வீட்டுக்கு ஒருவர் மலேசியாவைப் பார்த்தவர்போலத் தோன்றுகிறது. அங்கத்து நுரை டீயான தே தாரேக்கை எப்படி ஆற்ற வேண்டும் என்று எனக்கே கற்றுக்கொடுத்தார். இறங்கும்போது, “அங்க ஒரே மழ. இங்க வந்து காஞ்சிட்டுப் போங்க,” என்று வாழ்த்தினார்.

முருகேசனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விரலிடுக்கில் கழுவியும் போகாத மஞ்சள் வர்ணம். கயலின் கேள்வியைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். தொழில் பழகியபோது எழுதியதாம். தெய்வத்துக்கு ஒரு பக்கம். நிறம், ஆயுதம், வாகனம். கைப்பேசியில் படம் எடுக்கத் தயாராக இருந்தேன். வீரனார் பக்கத்தில் நிறம் என்ற இடத்தில் இரண்டே சொல்: ஊர் வழக்கம்.

“அவ்வளவுதானா?”

“அவ்ளோதாங்க. பெருமாளுன்னா நீலம், அம்மன்னா பச்ச, செகப்பு, அதெல்லாம் இருக்கு. இவரு காவக்காரரு. ஊரு என்ன சொல்லுதோ அது.”

“ஊர் என்ன சொன்னது?”

“கறுப்புலதான் இருந்தாரு. மேல கொஞ்சம் உரிஞ்சி. ஆனா மாணிக்கண்ணன் ஒரு போட்டோ அனுப்புனாருங்களே. மலேசியாலேந்து வந்துது, அவங்க விருப்பம் இப்பிடின்னு.”

காட்டினார். ஈப்போவில் நாங்கள் பின்னால் கட்டிக்கொண்ட சிறு கோயிலின் வீரனார். ரோஜா நிறத் தோல், கறுத்த மீசை. படத்தின் கீழ் மூலையில் என் கைப்பையின் பிடி.

நான் எடுத்த படம். இரண்டு தீபாவளிக்கு முன்பு மாணிக்கத்துக்கு அனுப்பினேன். கூட எழுதியது, “எங்கள் ஊர் வீரனார்” என்ற மூன்று சொல். கடல் கடந்து வந்த படம் என்பதால் ஊரில் அது உத்தரவாகிவிட்டிருக்கிறது. விருப்பமா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் குறையாக நினைப்பார்களோ என்று கேட்கவில்லையாம்.

“நீங்க அனுப்புனதுங்களா?” என்றார் முருகேசன்.

“நான்தான். ஆனால் இப்படி அடியுங்கள் என்று அனுப்பவில்லை.”

அவர் நோட்டை மூடினார். “கடையில போயி ஸ்கின் கலர்னு கேட்டா இந்த ரோஸத்தாங்க குடுப்பான். டப்பாலயே அப்பிடித்தான் போட்டுருக்கும். நம்ம கையி கலரு வேணும்னா அதுக்குப் பேரு கெடையாது. மூணு டப்பா வாங்கி நாமளே கலக்கணும்.”

அவருடைய மனைவி மோர் கொண்டுவந்து வைத்தபடி, “இவரு கலக்குனா எங்கப்பா கலர்லயே வரும்,” என்றார்.

நிறம் மாறினால் தெய்வம் திரும்பி வருமா என்று கேட்டேன். முருகேசனுக்கு அதில் குழப்பமே இல்லை. “கண்ணு தெறக்குற வரைக்கும் அது சிமெண்டுங்க. அவரு தோள்ல நின்னுதான் தலைக்கு வர்ணம் அடிச்சேன். டீ கிளாஸ அவரு முட்டியிலதான் வெச்சிருந்தேன். நாளன்னிக்கி கண்ணு வெச்சப்பறம் நானே எட்ட நின்னுதான் கும்புடுவேன். நெறமா முக்கியம்?”

மாலையில் கயலை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, இரண்டு சொல், ஸ்கின் கலர், என் கைப்பை.

“எங்க அட்டையிலயும் அப்படித்தாம்மா. வெளுப்புக்கு ‘தோல் 1’. இவளுக்கு ‘தோல் – தனி’.”

“விதி எதுவும் இல்லை, கயல்.”

“இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.” பிறகு, “ஜப்பான்ல, உயிருக்கு நிறம் இல்லைன்னு சொல்றாங்க. அது எனக்கும் சரிதான். ஆனா நிறம் இல்லாத உயிர் ஏம்மா எப்பவும் தோல் 1க்கே போகுது? ஒருதடவை இந்தப் பக்கம் வரக்கூடாதா?”

வியாழக்கிழமை பெரம்பலூரிலிருந்து அரியலூர். சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்று நடுச்சாலையில் அச்சு முறிந்து நிற்க, நாற்பது நிமிடம் எல்லோரும் இறங்கி நின்றோம். சுண்ணாம்புத் தூசி. எனக்கு முன்னால் நின்றவரின் புருவம், வேலியோரத்து ஆமணக்கு இலை, என் கைக்கடிகாரம், எல்லாம் ஒரே வெளுப்பு. “எல்லாரும் ஃபேரா ஆயிட்டம்,” என்றாள் ஒரு கல்லூரி மாணவி தன் தோழியிடம். “பைசா செலவில்லாம,” என்றாள் தோழி. முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெயங்கொண்டத்தில் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டேன். கங்கைகொண்ட சோழபுரம் போய் இறங்கித் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கோயிலுக்குள் ஒரு சுற்று. வாசல் காவலர்கள் பெரிய கல்லுருவங்கள். மேலே வர்ணம் எதுவும் இல்லை. இங்கே நிறச் சண்டைக்கு வேலையில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு, கல்லின் நிறமும் ஒரு நிறம்தானே, யாரும் அதைக் குறிப்பிடாததால் நிறமில்லாததுபோல் இருக்கிறது என்று தோன்றியது. எதையும் சேர்க்காத முகம் பற்றிக் கயல் கேட்டதற்கு இது பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

ஆண்டிமடத்தில் மாணிக்கம் பைக்கோடு நின்றான். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர். பழம் அழுகிய புளிப்பு வாசனை காற்றில்.

“வாங்கக்கா. சாமியப் பாத்தா அசந்துருவீங்க. அப்பிடியே ஒங்க ஊரு மாதிரி,” என்றான். அவனிடம் அப்போது எதையும் சொல்ல மனம் வரவில்லை.

சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. கோயில் பந்தலில் ஏற்கெனவே பேச்சு சூடாக இருந்தது. மையத்தில் வசந்தா என்ற பெண். முந்திரி உடைக்கும் வேலை. விரல்களில் முந்திரி ஓட்டின் பால் பட்ட கறுப்புத் தழும்புகள். சிலையை மறைத்திருந்த சாக்குத்துணியை அன்று காலைதான் எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

“கல்யாண மாப்பிள்ளைக்கி பவுடர் அடிச்ச மாதிரி அடிச்சி வெச்சிருக்கீங்க,” என்றாள். “சாமி பலகையிலேந்து எறங்கி வரும்போது யாரு வூடு இதுன்னு முழிக்காது?”

“சாமிக்கி அட்ரஸ் தெரியாதா வசந்தா?” என்றான் மாணிக்கம்.

“அட்ரஸ் தெரியும். ஆள் மாறிருக்கே. நீ ஒரு நாளு டவுனுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஒன் வூட்டுல வேற யாராச்சும் ஒன் கைலிய கட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தா உள்ள போவியா?”

சிரிப்பு அடங்கியதும், கமிட்டியில் மூத்தவரான ஒருவர், துண்டை உதறிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “நாமதான் கறுப்பா பொறந்துட்டம். சாமியாச்சும் செவப்பா இருந்துட்டுப் போவுட்டுமே.”

வசந்தா அவரை நேராகப் பார்த்தாள். “அப்ப நாங்க யாரப் பாத்து எங்காளுன்னு சொல்லிக்கிறது மாமா?”

மாணிக்கம் அந்த இடத்தில்தான் என்னைக் கை காட்டினான். “மலேசியாவுல ஆசப்பட்டாங்க. அதான் அடிச்சம். அந்தா அக்காவே வந்துருக்காங்க, கேளுங்க.”

பந்தல் முழுவதும் என் பக்கம் திரும்பியது. நடந்ததைச் சொன்னேன். படம் எடுத்தது நான், அனுப்பியது நான், கேட்டது மட்டும் நானில்லை என்று. மாணிக்கத்தின் முகம் சுண்டிவிட்டது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தோடு இன்னும் நான்கு சொல் எழுதியிருக்கலாம்.

“சரி, இப்ப நீங்களே சொல்லுங்க,” என்றாள் வசந்தா. “கறுப்பா, ரோஸா? நீங்க ஒரு வார்த்த சொன்னா முருகேசன் இன்னிக்கி சாயந்தரமே வந்து அடிச்சிருவாரு.”

கறுப்பு என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். மறுநாள் கயலுக்கு நல்ல படம் ஒன்று போயிருக்கும்: ஊர் தன் தெய்வத்தைப் பழைய நிறத்துக்கே மீட்டது என்று. அந்த ஒரு பக்கத்துக்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆனால் அந்தச் சான்றை உண்டாக்கியவள் நானாக இருப்பேன். என் மகள் அதை ஊர் வழக்கம் என்று நம்பி ஜப்பானுக்கு எழுதுவாள். ஏற்கெனவே என் படம் ஒன்று இங்கே வழக்கமாகிவிட்டிருக்கிறது, இன்னொன்று வேண்டாம்.

“நான் சொல்லக்கூடாது. நீங்கதான் தினமும் பார்க்கிறவங்க,” என்றேன்.

“நல்லா தப்பிச்சிக்கிட்டீங்க,” என்றாள் வசந்தா.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. தெய்வத்திடம் சம்மதம் கேட்கும் முறை. ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் இருக்கிறபடி இருக்கட்டும், சிவப்பு வந்தால் மாற்ற வேண்டும். பூசாரி இரண்டையும் பலகையின் முன் போட்டார். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை இறக்கிவிட்டார்கள். அது இரண்டையும் எடுத்துக்கொண்டது. பிடுங்கி மறுபடி போட்டார்கள். இம்முறை ஒன்றை எடுத்தது.

வெள்ளை.

மாணிக்கம் மூச்சு விட்டான். மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். பூசாரி, “சாமி ஒத்துக்கிச்சு,” என்றார்.

“சாமி ஒத்துக்கிச்சு. நான் ஒத்துக்கல,” என்றாள் வசந்தா. சேலையை உதறி எழுந்தாள். “வரட்டும். வந்தப்பறம் நான் அவருகிட்டயே கேட்டுக்கிறேன்.”

அன்று மாலை கயலுக்கு நடந்ததை எழுதினேன். வெள்ளைப் பூவையும் எழுதினேன். அவள் “சரிம்மா” என்று மட்டும் அனுப்பினாள். விதியும் இல்லை, தெய்வமும் எதிர்க்கட்சி. திங்கட்கிழமைக்கு நான் அவளிடம் சேர்த்தது இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்து சற்று நேரத்தில் கண் திறப்பு. முருகேசன் குளித்து, புது வேட்டியில், புதன்கிழமை பார்த்த ஆளைப்போல இல்லாமல் இருந்தார். சிலைக்கு முதுகைக் காட்டியபடி ஏணியில் நின்று, எதிரே பிடித்த கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டிக் கருவிழி வைத்தார். நேருக்கு நேர் பார்ப்பதில்லை. திறந்த கண்ணின் முதல் பார்வை தன் உருவத்தின் மேலேயே விழ வேண்டுமென்று கண்ணாடியை அப்படியே வைத்திருந்தார்கள். வீரனார் முதலில் பார்த்தது தம் ரோஸ் முகத்தைத்தான். இடது விழி துளி பெரிது.

பலகையிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து சிலைக்கு. மேளம் உச்சத்தில், நீர் தலையில் ஊற்றப்பட்டபோது எல்லோரும் கை கூப்பினார்கள். என் கண்ணிலும் நீர் வந்தது. அது பெரும்பாலும் புகையால்.

தீபாராதனை முடிந்து கூட்டம் சற்றுத் தளர்ந்தபோது வசந்தா முன்னால் போனாள். கும்பிடவில்லை. தலையைச் சாய்த்து, வெளியூர் போய் வந்த உறவினரைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள்.

“வந்துட்டீங்களா?” என்றாள். “ஆளே அடையாளம் தெரியலங்க.”

பூசாரி தட்டோடு நின்றுவிட்டார்.

“ஒங்களுக்கு எப்பிடியிருக்கு இந்த ஒடம்பு? புடிக்குதா, இல்ல இவனுவளுக்காவ இருக்கீங்களா?” கொஞ்ச நேரம் நின்றாள், பதிலுக்குக் காத்திருப்பவள்போல. “சரி. எங்கூரு வெயில்ல ஒரு நாலு வருசம் நில்லுங்க. சரியாப் போவும்.” அதன் பிறகுதான் கும்பிட்டாள். நெற்றியில் திருநீறு பூசும்போது பூசாரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மூத்தவர் மட்டும் வசந்தா நின்ற இடத்தில் போய் நின்று வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அன்னதானம். கத்தரிக்காய், முந்திரி போட்ட சாம்பார், அப்பளம். பந்திக்கு வெளியே நின்று கயலை அழைத்து, வசந்தா கேட்டதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன்.

அவள் இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். அதைத் தாளில் எழுதிக்கொள்வது கேட்டது.

“அம்மா, ஏழாவது எபிசோடுல அவளை யாருமே கேக்கல,” என்றாள். “அவ அம்மா கேக்கல. கூட வேலை செஞ்சவங்க கேக்கல. அவளே கண்ணாடி பாக்கல. வேற நிறத்துல எழுந்திருக்கா, ஒருத்தர் கூட கவனிக்கல. எனக்குக் கோவம் அதான். இத்தனை நாளா நிறத்தைப் பத்தின்னு நெனச்சிட்டிருந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவள் அனுப்பிய ஒரு பக்கத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. உயிருக்கு நிறம் உண்டென்று அதில் எங்கும் இல்லை. பழைய நிறத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது இரண்டாவது வேண்டுகோளாகத்தான் வருகிறது. முதல் வேண்டுகோள்: புது உடம்பு எந்த நிறமானாலும், அவள் விழித்தெழும் அறையில் ஒருவராவது அதைப் பார்த்ததாகக் காட்டுங்கள். காரணமாக அவள் எழுதியது: எங்கள் ஊரில் தெய்வம் வேறு நிறத்தில் திரும்பி வந்தபோது ஒரு பெண் முன்னால் போய்க் கேட்டாள், தெய்வம் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளைப் பூவையும் கயல் மறைக்கவில்லை. அதை எழுத வேண்டாமே என்று எனக்கே தோன்றியது; சொல்லவில்லை.

திங்கட்கிழமை நிற அட்டை வந்தது. தோல் 1. பகலுக்கு, மாலைக்கு, இரவுக்கு. குறிப்புக்குப் பதில் என்று எதுவும் இல்லை. அன்று கயல் அலுவலகத்திலிருந்து அழைத்தபோது கழிவறையில் நின்று பேசினாள் என்று குரலின் எதிரொலியில் தெரிந்தது. நான் அப்போது திருச்சியில், சக்கரம் கழன்ற பெட்டியோடு வரிசையில்.

ஐந்து வாரம் கழித்து அந்த எபிசோடின் கோட்டுப் படங்கள் நிறத்துக்காக வந்திருக்கின்றன. விழித்தெழும் காட்சியில், தாய் கட்டிக்கொள்வதற்கு முன்னால், கயல் முதலில் பார்த்த காட்சி வரைவில் இல்லாத நான்கு நொடி. தாய் மகளின் புதுக் கையை எடுக்கிறாள். சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறாள். புறங்கை, உள்ளங்கை, மறுபடி புறங்கை. தன் கையை அதன் பக்கத்தில் வைக்கிறாள். வசனம் இல்லை. மகளின் கைக்குத் தோல் 1, தாயின் கைக்குத் தோல் – தனி. இரண்டையும் நிரப்பியவள் கயல். ஒரு நாள் முழுவதும் ஆயிற்றாம்.

அந்த நான்கு நொடி அவள் குறிப்பைப் படித்தபின் யாரோ சேர்த்ததா, அல்லது அங்கேயே முன்பே யாருக்கோ தோன்றிப் பிந்தி வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. வரைந்தவரின் பெயர் தாளில் இல்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள்; அவர் ஜப்பானுக்கு எழுதியிருக்கிறார். இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. ஆகவே அதை உறுதி செய்யப்படாதது என்றே குறித்து வைக்கிறேன்.